செவலை இல்லாத நேரம்

சாரதா தன் நாற்பத்தொன்பது வயதில் செய்த ஒரே திருட்டு, சொந்த மாட்டைச் சொந்தக் கொட்டகையிலிருந்து ஓட்டிக்கொண்டு போனதுதான். அதுவும் பட்டப்பகலில், காலை பத்து மணிக்கு. எதிரே வந்த மீனம்பாள், “இன்னாக்கா, நீயே மாடு மேய்க்கக் கெளம்பிட்டியா?” என்று கேட்டபோது, “கொட்டாயக் கழுவுறாங்க” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய். சொல்லி முடிப்பதற்குள் நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

செட்டிக்குளத்துக் கரையில் ஒரு வேப்பமரத்தில் கயிற்றைக் கட்டினாள். செவலை அவள் கையை நக்கியது. “நீ இதப் பாக்க வேணாம்டி கண்ணு. ரெண்டு மணி நேரம் இங்கியே மேஞ்சிக்கினு இரு” என்று அதன் நெற்றியைத் தடவிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். கொட்டகை கூட்ட வரும் தைலம்மாள் இந்நேரம் வந்திருப்பாள். அவள் கூடையில், வறட்டிக்கு அடியில், தேக்கிலையில் சுற்றிய ஒரு பொட்டலம் இருக்கும். அதற்குள் இருப்பது மாட்டுக்கறி.

கேட்கிறவர்கள் அதற்குள் காதைப் பொத்திக்கொள்ள வேண்டாம். முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

சாரதாவின் புருஷன் ஆதிநாராயணனுக்குச் செஞ்சிக் கடைத்தெருவில் மளிகைக் கடை. முட்டை ஓடுகூட உள்ளே வராத வீடு. அந்த வீட்டு ஒரே பிள்ளை தனசேகரன் மெட்ராசுக்கு ரயில்வே வேலைக்குப் போனவன், வேலையோடு நிற்காமல், அரக்கோணத்து இன்ஜின் டிரைவர் மகள் டோரீனையும் ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்து வாசலில் நின்றான். ஆங்கிலோ இந்தியப் பெண். ஆதிநாராயணன் மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள், “மங்கைன்னு கூப்புடுங்க. அந்தப் பேரு என் வாயில நுழையல” என்றார். அவ்வளவுதான், டோரீன் மங்கையாகிவிட்டாள். தனசேகரன் அவளை அங்கே விட்டுவிட்டு மெட்ராசுக்கு வேலைக்குத் திரும்பினான், மாதத்துக்கு ஒருமுறை வந்துபோனான். மருமகளும் சும்மா சொல்லக்கூடாது, மஞ்சள் பூசினாள், கோணல்மாணலாகக் கோலம் போட்டாள், வத்தக்குழம்புச் சோற்றைக் கண்ணில் நீர் வழியத் தின்றாள். அவளுடைய அப்பா அம்மா ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிப் போய்விட்டார்கள். கடிதம்கூட அத்தி பூத்தாற்போலத்தான் வரும்.

போன வருஷம் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. மசக்கைக்காரியின் நாக்கு கேட்டதை மாமியாரோ அம்மாவோ தன் கையால் ஆக்கிப் போடவேண்டும், போடாவிட்டால் பிள்ளைக்கு ஆகாது என்பது அந்தத் தெருவே நம்புகிற விஷயம். ஒருநாள் சாரதா சோறு வடித்துக்கொண்டிருக்கையில், மங்கை அடுக்களை வாசற்படியில் வந்து உட்கார்ந்து, கூச்சத்தோடு கேட்டாள்: “அத்தை, எங்க டாடி ஸ்டேக்னு ஒண்ணு செய்வாரு. மாட்டுக்கறில. அது ஒரே ஒரு வாட்டி கிடைக்குமா?”

சாரதா கரண்டியைத் தவலையில் தட்டினாள். இன்னும் பலமாகத் தட்டினாள். காதில் விழாத மாதிரியே அரிசிக் கஞ்சியைக் கொட்டப் பின்பக்கம் போய்விட்டாள். திரும்பி வந்தபோது வாசற்படி காலியாக இருந்தது. கூடத்தில் ஆதிநாராயணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் மாதம் கரு கலைந்தது. டாக்டரம்மா, “இதெல்லாம் சகஜம், யார் மேலயும் தப்பு இல்ல” என்றார். சொல்லிவிட்டார், சரி, நம்பவேண்டியவள் நம்பினால்தானே! சாரதாவுக்குச் சோறு வடிக்கிறபோதெல்லாம் அந்தக் கரண்டிச் சத்தம் கேட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி அழ ஆள் இருந்தால் பாதி பாரம் குறைந்திருக்கும்.

இப்போது மறுபடியும் இரண்டு மாதம். தாளிக்கிற வாசனை வந்தாலே மங்கை குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். எலுமிச்சைத் தண்ணீரில் உயிர் ஓடியது. “உடம்புல ரத்தமே இல்ல. எதையாவது சாப்டாத்தான் புள்ள நிக்கும்” என்று டாக்டரம்மா கையை விரித்தார். சாரதா, புளிச்சோறா, மாங்காயா, அதிரசமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். மங்கை எல்லாவற்றுக்கும் வேண்டாமென்று தலையை ஆட்டினாள். கடைசியில் சாரதாவே அவள் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, “போன தடவ கேட்டியே, அதுவா?” என்றாள்.

மங்கை அழுதுவிட்டாள். அதற்கு மேல் என்ன கேட்க?

தைலம்மாளிடம் ரகசியத்தைச் சொன்னபோது அவள் வாயில் கைவைத்தாள். “எம்மா, உங்க வூட்லயா! நான் எங்க வூட்ல ஆக்கியாறேன், நீ தொடாத” என்றாள். சாரதா ஒப்பவில்லை. பெற்றவள் கடலுக்கு அந்தப்பக்கம் இருக்கிறாள். இந்தக் கைதான் ஆக்கவேண்டும்.

பாத்திரத்துக்குத்தான் பெரும்பாடு. மண்சட்டி சூடு தாங்காது, கனத்த இரும்பு வேண்டும் என்றாள் மங்கை. அந்த வீட்டில் கனத்த இரும்பு ஒன்றுதான். சாரதாவின் அம்மா சீதனமாகக் கொடுத்த தோசைக்கல். முப்பது வருஷமாக எண்ணெய் குடித்துக் குடித்து வழவழவென்று கறுத்திருந்த கல். ஆதிநாராயணனுக்குத் தினம் சாயங்காலம் அதில் வார்த்த தோசைதான் பலகாரம். ஒருமுறை அதில் கறி பட்டால் அது மறுபடி அடுக்களைக்குள் வரமுடியாது. சாரதா அதை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டகையில் மூன்று செங்கல் மேல் வைத்தாள்.

தைலம்மாள் பொட்டலத்தைப் பிரித்தாள். விரல் தடிமனில் ஒரே துண்டு. “இத்தாம் பெருசா யாரும்மா துன்னுவாங்க? நாங்கல்லாம் பொடிசா நறுக்கி, மஞ்சத்தூள் போட்டு வேகவெப்போம்” என்று சொல்லிவிட்டு, யாராவது வருகிறார்களா என்று பார்க்கத் தெருப்பக்கம் போனாள். சாரதா குடத்துத் தண்ணீரைச் சாய்த்தாள்.

“கழுவாதீங்க அத்தை!” கொல்லைப்படியில் உட்கார்ந்திருந்த மங்கை கையை நீட்டித் தடுத்தாள். “துணியால ஒத்தி எடுங்க. ஈரம் இருந்தா வெந்துபூடும், செவக்காது. உப்பு, மெளகு, அவ்ளோதான். வேற ஒண்ணும் வேணாம்.”

“உப்பு எவ்ளோடி?”

“ரெண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரியற மாதிரி.”

சாரதாவின் கை உப்புக்குப் பேர்போனது. சாமிக்குப் படைக்கும் முன்னால் எதையும் ருசி பார்க்கிற வழக்கமில்லாததால், கண்ணாலும் மூக்காலுமே அளந்து பழகிய கை. இன்றைக்கு மூக்கை முந்தானையால் கட்டிக்கொண்டிருந்தாள். பழைய வேட்டித் துணியால் அதை ஒற்றும்போது உள்ளங்கையில் பட்ட குளிர்ச்சி, தோள்வரை ஏறியது. முருகா, முருகா என்று சொல்லிக்கொண்டே உப்பைத் தூவினாள், ஒன்றிரண்டாக இடித்த மிளகை அழுத்தினாள். கல் புகைகிறவரை காத்திருந்து, கண்ணை மூடிக்கொண்டு துண்டைப் போட்டாள். சுர்ரென்று இரைந்தது.

“தொடாதீங்க. அதுவா கல்ல வுட்டுக் கெளம்பும்” என்றாள் மங்கை. இரண்டு வாரத்தில் முதல்முறையாக அவள் மூக்கைச் சுளிக்காமல் மூச்சை இழுத்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம். அதைப் பார்த்ததும் சாரதா மூக்கிலிருந்த முந்தானையை இறக்கிவிட்டாள்.

அப்போதுதான் கொல்லைக் கதவு திறந்தது.

ஆதிநாராயணன் நின்றார். கையில் கயிறு, கயிற்றின் முனையில் செவலை. கோட்டைப் பக்கம் கடைக்குப் புளி விலை பேசப் போனவர், குளத்தங்கரையில் தன் மாட்டைப் பார்த்து, எவனோ அவிழ்த்துக்கொண்டு போய்விட்டான் என்று பதறி ஓட்டிவந்திருக்கிறார். எந்த மாட்டின் கண்ணில் இது படக்கூடாது என்று ஓட்டிக்கொண்டு போனாளோ, அந்த மாடே அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது.

மங்கை கதவுக்கு முதுகுகாட்டி உட்கார்ந்திருந்தாள். “இப்பத் திருப்பணும் அத்தை. வுட்டா கருகிடும்” என்றாள்.

சாரதா தோசைத்திருப்பியும் கையுமாக நின்றாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். மருமகளின் கழுத்தெலும்புக் குழியைப் பார்த்தாள், அதில் தண்ணீர் ஊற்றினால் நிற்கும். குனிந்து, துண்டைத் திருப்பிப் போட்டாள்.

“இன்னாடி இது?” ஆதிநாராயணனின் குரல் எழும்பவே இல்லை. “என் தோசக்கல்லு.”

“புள்ளத்தாச்சி கேட்டா.”

அவர் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இந்தக் கையால இனிமே எனக்குச் சோறு போடாத” என்றார். கயிற்றை அப்படியே கீழே போட்டுவிட்டு, வந்த வழியே போய்விட்டார். மங்கை எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

செவலை நகரவில்லை. அது பழகின இடம், எங்கே போகும்? அடுப்பிலிருந்து நாலடி தள்ளி வந்து நின்று, சாரதாவின் முந்தானையை முகர்ந்தது.

“அப்புறம் இன்னா போடணும்? சொல்லுடி!” சாரதா கத்தினாள்.

“வெண்ண” என்றாள் மங்கை, கேட்டும் கேட்காத குரலில்.

வெண்ணெய் நேற்றுக் கடைந்தது. செவலையின் பால். சாரதா ஒரு கணம் கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றாள். அந்த ஒரு கணத்தில் அவள் பட்ட பாட்டைப் பகவான்தான் அறிவார். பிறகு ஒரு உருண்டையை வழித்துப் போட்டு, உருகியதைக் கரண்டியால் அள்ளி அள்ளி மேலே விட்டாள். தட்டில் எடுத்து வைத்ததும், உடனே வெட்டக்கூடாது, சாறு அடங்க அஞ்சு நிமிஷம் விடணும் என்றாள் மங்கை. அந்த அஞ்சு நிமிஷமும் மாடும் மாமியாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“எனக்கு வேணாம் அத்தை. மாமா கோச்சிக்கினு பூட்டாரு” என்று மங்கை விசும்பினாள்.

“உதைப்பேன்! இவ்ளோ பண்ணதுக்கப்புறம் வேணாமா? துன்னுடி!” சாரதா தட்டை அவள் மடியில் வைத்தாள். சொல்லாமல் அடக்கிவைத்தது அப்போது தானாக வெளியே வந்தது. “போன தடவ நீ கேட்டது என் காதுல வுழுந்துது, மங்க. வுழாத மாதிரி நடிச்சேன். பாவி நான்.”

மங்கை தட்டைப் பார்த்தபடியே, “தெரியும் அத்தை” என்றாள்.

பிறகு சாப்பிட்டாள். ஒரு துண்டு விடாமல், விரலில் ஒட்டிய வெண்ணெய்கூட விடாமல் சாப்பிட்டாள். சாரதா பக்கத்திலேயே, வாந்திக்குப் பித்தளைச் சட்டியோடு உட்கார்ந்திருந்தாள். சட்டிக்கு வேலை வரவில்லை.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆதிநாராயணன் வந்தார். சாரதா குளித்து, வேறு புடவை கட்டி, கூடத்தில் இலை போட்டுத் தண்ணீர் தெளித்து வைத்திருந்தாள். அவர் உட்காரவில்லை. குடையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

“சாப்ட்டாளா?”

“முழுசா.”

“வாந்தி?”

“எடுக்கல. தூங்குறா.”

அவர் தலையை ஆட்டினார். “போன தடவ அவ உன்னாண்ட கேட்டப்போ நான் இங்கதான் பேப்பரோட உக்காந்திருந்தேன்” என்றார். “ஒரு எழுத்துகூடப் படிக்கல.”

இத்தனை நாள் ஒரே வீட்டில், ஒரே பாரத்தை, ஆளுக்கொரு மூலையில் சுமந்திருக்கிறார்கள். “எல போட்ருக்கேன்” என்று மட்டும் சொன்னாள் சாரதா.

“வேணாம். என்னால முடியாது சாரதா. கிளப்புக் கடைல சாப்ட்டுக்கறேன்.” செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கினார். இரண்டடி போனவர் நின்றார். திரும்பாமலே சொன்னார்:

“இன்னொரு வாட்டி கேட்டாள்னா முன்னாடியே சொல்லு. மாட்ட நான் ஓட்டிக்கினு போறேன்.”