இரண்டு முழுக்கு

என் அப்பாவை ஞானஸ்நானத் தொட்டியில் இறக்க எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று. அவர் அதிலிருந்து ஏறி வெளியே வர ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த ஐந்து நிமிஷத்தில் அவர் பண்ணிய கூத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

நான் ரிம்மா ஷெகாய். கசாக் நாட்டில், உஷ்தோபே சந்தையில் காரட்டைச் சீவி, பூண்டும் மிளகாயும் போட்டுப் பிசைந்து விற்கிறேன். அப்பா தெரெந்தி ஷெகாய்க்கு அப்போது எழுபத்தேழு வயது. இதயம் பாதிதான் வேலை செய்கிறது, எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் சபையில் இதில் வழவழா கொழகொழா கிடையாது. உயிரோடு இருக்கும்போதே மனந்திரும்பி முழுக்கு எடுக்க வேண்டும். மூச்சு நின்றால் வாசல் மூடிவிடும்.

இதை ஊருக்கெல்லாம் சொன்னவள் நான். பக்கத்துக் கடை லூபாவின் மகன் குடித்துக் குடித்தே செத்துப் போனான். அவனுக்காக ஏதாவது ஜெபம் உண்டா என்று அவள் அழுதுகொண்டே கேட்டபோது, "வாசல் மூடியாச்சு லூபா, இனி நீ உன்னைப் பாத்துக்கோ" என்று காரட் சீவுவதை நிறுத்தாமலே சொன்னேன். நல்லது சொன்னதாகத்தான் நினைத்தேன்.

என் அம்மா முழுக்கு எடுத்துத்தான் செத்தாள். அப்பாவிடம் அதைச் சொல்லிப் பார்த்தேன். "அம்மா அங்க உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க."

"அவளுக்கென்ன, ஜெபக் குழு முழுக்க அங்கதான இருக்கு. பேச்சுத் துணைக்குப் பஞ்சமில்ல," என்றார். "எங்கம்மா எங்க இருக்கா? அதைச் சொல்லு."

அங்கே வந்துதான் எல்லாம் நிற்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷம் ரஷ்யாவின் கிழக்குக் கடலோரத்திலிருந்து எங்கள் கொரிய ஜனத்தை அரசாங்கத்து ஆட்கள் சரக்கு ரயிலில் அள்ளிக்கொண்டு வந்து இங்கே வெட்டவெளியில் இறக்கிவிட்டார்கள். அப்பாவுக்கு ஏழு வயது. அவருடைய தகப்பன் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். பாஸ்தோபே மேட்டைக் குடைந்து குழி வெட்டி, அதற்குள் தாயும் பிள்ளையும் அந்தக் குளிர்காலத்தைக் கழித்தார்கள். கசாக் பெண்கள் கொடுக்கிற ரொட்டியை அவள் இவரிடம் கொடுத்துவிடுவாள். பார்லிக் கஞ்சியை இவருக்கு ஊற்றிவிட்டுச் சட்டியை விரலால் வழித்து நக்குவாள். "நான் அப்பவே சாப்பிட்டாச்சு" என்பாள். பிப்ரவரியில் செத்துப்போனாள். இயேசு என்ற பெயரைக்கூட அவள் காதால் கேட்டதில்லை.

போதகர் விட்டாலி தென்னிடம் இதைக் கொண்டுபோனேன். முப்பத்துநாலு வயதுப் பையன். சின்ன வயதில் எங்கள் தோட்டத்தில் தர்பூசணி திருடியவன். இப்போது சியோலில் படித்துவிட்டு வந்து எங்களுக்குப் பிரசங்கம் பண்ணுகிறான். கிழவனிடம் "உங்கம்மா பரலோகத்துலதான் இருக்காங்க தாத்தா" என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயில் இருக்கிற முத்தா கொட்டிவிடும்? சொல்லமாட்டேன் என்றான்.

"தெரியாததைத் தெரியும்னு எப்படிச் சொல்றது அக்கா? சுவிசேஷமே கேக்காம செத்தவங்கள தேவன் என்ன செய்வாருன்னு சபைக்குச் சபை ஒண்ணு சொல்றாங்க. இயேசு கல்லறைல கிடந்த நாள்ல பாதாளத்துக்கே இறங்கிப்போய் அங்க இருந்தவங்களுக்குப் பிரசங்கிச்சாருன்னு சிலர் சொல்றாங்க. அது அன்னிக்கு மட்டுந்தான்னு சிலர் சொல்றாங்க. அவர் நீதியா செய்வாரு. அவ்வளவுதான் நான் சொல்லலாம்."

அப்பா நேரே போய்க் கேட்டபோதும் அதையேதான் சொன்னான். அவர் அதோடு விட்டாரா? ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் கேட்டார். எதிர்வீட்டு ஜோயா ரஷ்யக் கோயிலுக்குப் போகிறவள். அங்கே செத்தவர்கள் பெயரைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் பாதிரியார் வாசிப்பார், ஆனால் முழுக்கு எடுக்காதவர்கள் பெயரை எழுதக்கூடாது, அவர்களுக்காக மன்றாட என்று தனியாக ஒரு புனிதர் இருக்கிறார், வேண்டுமானால் வீட்டில் வைத்து அவரை வேண்டிக்கொள்ளலாம் என்றாள். அப்பா இரண்டு நாள் அந்தப் புனிதரைப் பற்றியே பேசினார். பிறகு "இவர்கிட்டயும் பேரு சொல்லித்தான் கேக்கணுமாம்" என்று விட்டுவிட்டார். தன் தாயின் பெயர் அவருக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் இன்னாருடைய அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தக் காகிதத்திலும் அவள் பெயர் இல்லை.

ஏப்ரல் ஐந்தாம் தேதி எங்கள் கொரிய ஜனம் கல்லறைகளுக்குப் போகிற நாள். பாஸ்தோபேயில் பெயரில்லாத மண்மேடுகள் எத்தனையோ இருக்கின்றன. அதில் ஒன்றைத் தன் தாயுடையது என்று அப்பா வைத்துக்கொண்டிருக்கிறார். சோறும் மீனும் வைத்து, வோட்கா ஊற்றி, நெற்றி மண்ணில் படக் கும்பிட்டார். நான் முழுக்கு எடுத்தவள், செத்தவர்களைக் கும்பிடமாட்டேன். கூடையைப் பிடித்துக்கொண்டு மரமாக நின்றேன். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு அவர் சொன்னார்: "சரி, உங்க தொட்டில இறங்கறேன். போதகர்கிட்டச் சொல்லிடு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று வருஷமாக மசியாதவர் ஒரே நாளில் எப்படி மசிந்தார் என்று நான் யோசித்திருக்க வேண்டும். எங்கே யோசித்தேன்? சந்தையில் எல்லாருக்கும் காரட் சும்மா அள்ளிக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுக்கு. எங்கள் தொட்டி, இடித்துப்போட்ட ரயில்வே விடுதியிலிருந்து கொண்டுவந்த பழைய இரும்புக் குளியல் தொட்டி. கிழவருக்குக் குளிரக்கூடாது என்று நானே காலையிலிருந்து வெந்நீர் காய்ச்சி ஊற்றினேன். வெள்ளை அங்கியில் அப்பா இறங்கி உட்கார்ந்தார். சபை பாடி முடித்தது. விசுவாசிக்கிறீர்களா என்று போதகர் கேட்டதற்கு, விசுவாசிக்கிறேன் என்று கணீரென்று சொன்னார். போதகர் அவர் முதுகில் கை வைத்தபோது, "ரெண்டு தடவை," என்றார்.

"ஒரு தடவைதான் தாத்தா."

"எனக்கு ஒண்ணு, எங்கம்மாவுக்கு ஒண்ணு."

சபையில் யாரோ கெக்கலித்தார்கள். போதகரின் முகம் சிவந்துவிட்டது. "அப்படிக் கிடையாது தாத்தா. செத்தவங்களுக்காக உயிரோட இருக்கறவங்க முழுக்கு எடுக்க முடியாது."

"யாருமே எடுத்ததில்லையா?"

அங்கேயாவது இல்லை என்று சொல்லியிருக்கக் கூடாதா? பொய் சொல்லத் தெரியாத ஜன்மம் அது. "ஆதி காலத்துல யாரோ எடுத்தாங்கன்னு வேதத்துல ஒரு இடத்துல வருது," என்றான். "ஆனா எடுங்கன்னு எங்கயும் சொல்லல."

"எடுக்காதீங்கன்னு சொல்லியிருக்கா?"

போதகர் அவர் முதுகிலிருந்து கையை எடுத்தார்.

"எங்கம்மா எங்கன்னு கேட்டா தெரியாதுங்கற. தெரியாதவன் எதுக்குத் தடுக்கற? முக்கிவிடு. வேணாம்னா உன் தேவன் தள்ளிக்கட்டும்."

"அவங்க பேரே உங்களுக்குத் தெரியாதே தாத்தா. என்ன பேர் சொல்லி நான் முழுக்குக் குடுக்கறது?"

"உன் தேவனுக்குமா தெரியாது?"

என்னால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. தொட்டி விளிம்பைப் பிடித்துக் குனிந்து, "அப்பா, மானத்த வாங்காதீங்க. நீங்க மொதல்ல உள்ள போங்க. அங்க போனப்பறம் அவங்களுக்காக நேர்ல கேட்டுக்கலாம்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "கஞ்சிய எனக்கு ஊத்திட்டு அவ சட்டிய வழிச்சா. இப்ப நான் உள்ள உக்காந்து விருந்து சாப்பிடணும், அவ வாசல்ல நிக்கணுமா? அந்தச் சோறு எனக்கு இறங்குமாடி?"

போதகர் திரும்பவும் ஒரு தடவைதான் என்றார். அப்பா விளிம்பைப் பிடித்து எழுந்து, அங்கியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வெளியே போய்விட்டார். என் மேல்கோட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

தெருவில் அவர் தோளில் கோட்டைப் போட்டேன். போட்ட கையாலேயே பிடித்து உலுக்கலாம் போல இருந்தது. மூன்று வருஷ ஆத்திரம் முழுக்க வாயில் வந்து நின்றது. "சரி, போங்க. அவ எங்க கெடக்கறாளோ அங்கயே நீங்களும் போய்ச் சேருங்க" என்றேன்.

அவருக்குக் கோபமே வரவில்லை. "அதத்தானே நானும் சொல்றேன்," என்றார்.

ஜூன் மாதம் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். நான் சந்தையிலிருந்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அடக்கத்துக்குப் போதகர் வந்தார். எனக்கு ஆறுதல் கொடுக்கச் சொல்லி ஜெபித்தார், ஊருக்காக ஜெபித்தார், அப்பாவைத் தூக்கிவந்தவர்களுக்காகக்கூட ஜெபித்தார். அப்பாவின் பெயரை மட்டும் ஜெபத்தில் எடுக்கவில்லை. செத்தவர்களுக்காக எங்கள் சபையில் ஜெபம் கிடையாது. மற்ற வீட்டு அடக்கங்களில் இதே ஜெபத்துக்கு நான் ஆமென் சொல்லித் தலையாட்டியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு ஆமென் வரவில்லை. லூபா வந்திருந்தாள். என்னிடம் வாசலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மூன்று வாரம் எனக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை. போங்க, போய்ச் சேருங்க என்று சொன்னவள் நான்தானே.

நாலாவது வாரம் வியாழக்கிழமை கடையை லூபாவிடம் விட்டுவிட்டு, துண்டும் மாற்றுத்துணியும் பையில் போட்டுக்கொண்டு சபைக்குப் போனேன். விட்டாலி தனியாகப் பெஞ்சுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு முழுக்குக் குடுங்க போதகரே."

"நீங்க எடுத்துப் பத்து வருஷம் ஆச்சே அக்கா."

"எனக்கில்ல."

அவன் பிரஷ்ஷைக் கீழே வைத்தான். "அக்கா, இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"வேணாம். ஊருக்கே சொன்னவ நான். வாசல் மூடியாச்சுன்னு லூபாகிட்ட எவ்வளவு சுலபமா சொன்னேன். நான் என்ன அந்த வாசலுக்குக் காவல்காரியா? உனக்குத் தெரியாதுன்னுதானே அவர்கிட்டச் சொன்ன? எனக்கும் தெரியாது. மூணு வருஷமா தெரிஞ்ச மாதிரி அந்த மனுஷன் உயிர வாங்கியிருக்கேன்."

"நான் முடியாதுன்னா?"

"உக்காந்திருப்பேன்."

செருப்பைக் கழற்றிவிட்டு வறண்ட தொட்டியில் இறங்கி உட்கார்ந்தேன். இரும்பு சில்லென்று இருந்தது. அவன் குழாய் பக்கத்தில் போய் நின்றான். திறக்கவுமில்லை, என்னை எழுந்திருக்கச் சொல்லவுமில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, "தாத்தாவுக்கு மட்டுந்தானே?" என்று கேட்டான்.

"ரெண்டு பேருக்கும். ரெண்டு தடவை முக்கணும்," என்றேன். "மொதல் தடவை அவளுக்கு. அவ எப்பவும் கடைசியாத்தான் சாப்பிட்டிருக்கா."