பிரவுன் அட்டைக்குள் ஒரு அப்பா

கூடுவாஞ்சேரியில் மனை வாங்கவோ விற்கவோ வருபவர்கள் புரோக்கர் ஏகநாதனைப் பார்க்காமல் போவதில்லை. எந்த சர்வே நம்பரில் யாருடைய பாட்டன் நெல் போட்டான் என்பது வரைக்கும் மனிதருக்கு அத்துப்படி. அப்பேர்ப்பட்டவர்தான், ஒரே மகள் சாமுண்டீஸ்வரியின் மேஜையில் சார்ஜர் தேடப் போய் வசமாக மாட்டிக்கொண்டார்.

சார்ஜருக்குப் பதில் பிரவுன் அட்டை போட்ட புத்தகம் ஒன்று கிடைத்தது. நடுவில் பிரித்தார். நீல மையில் கையெழுத்து, ஓரமெல்லாம் கிறுக்கல் படங்கள். 'அன்புள்ள டைரி' என்று ஆரம்பித்ததைப் பார்த்ததுமே மூடி வைத்திருக்க வேண்டும். கண்ணாடிகூட இல்லாமல், கையை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு படித்தார்.

'போன் சூடானால் என் அப்பா பதறிப்போய் விசிறி விடுவார். எனக்குக் காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால், என்ன வகுப்பு படிக்கிறாள் என்ற கேள்விக்கு அம்மா முகத்தைப் பார்ப்பார். அம்மா வராத அன்று நான் எல்.கே.ஜி.தான்.'

லேபிளைத் திருப்பிப் பார்த்தார். பத்தாம் வகுப்பு என்றிருந்தது. ஒன்பது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தார். டாக்டர் எப்போது கேட்டார் என்று ஞாபகம் வரவில்லை. ஆனால் கேட்டிருந்தால் அப்படித்தான் விழித்திருப்போம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மகள் தன்னை அடியோடு வெறுத்துவிட்டாள் என்று முடிவுகட்டினார்.

மறுநாளிலிருந்து ஆளே மாறிப்போனார். சாயங்காலமானால் போன் ஃபிரிட்ஜ் மேல் ஏறிவிடும். படப்பையில் மனை வாங்க வந்த பார்ட்டி காத்திருக்க, இவர் தாம்பரத்தில் டியூஷன் வாசலில் பஜ்ஜிப் பொட்டலத்தோடு நிற்பார். கணக்கு டீச்சர் பேரென்ன, பக்கத்தில் உட்காரும் பெண் யார் என்று குடைந்தெடுப்பார். மனைவி கீதா பயந்துபோய், எதற்கும் ஒருமுறை சர்க்கரை டெஸ்ட் எடுத்துவிடலாம் என்றாள். சாமுண்டீஸ்வரியோ, பப்ளிக் எக்ஸாமுக்காக அப்பா கெடுபிடி பண்ணுவதாகவே நினைத்தாள்.

இனி டியூஷனுக்கு வர வேண்டாம், தோழிகளோடு ரயிலில் வந்துவிடுகிறேன் என்று அவள் சொன்ன அன்று அவருக்குத் தாங்கவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுவிட்டார்.

"நான் அவ்ளோ மோசமான அப்பனா பாப்பா? டைரில எழுதி வச்சிகினு கீறியே."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. மேஜை, பிரவுன் அட்டை என்று அவர் குனிந்த தலை நிமிராமல் சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஓடிப்போய் எடுத்துவந்து அட்டையைக் கழற்றினாள். உள்ளே வழவழப்பான அட்டையில் இரட்டைப் பின்னல் பெண்ணொருத்தி நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தாள். டைரி மாதிரியே அச்சடித்த சிரிப்பு நாவல், வகுப்புத் தோழி அபிகாயிலிடம் இரவல் வாங்கியது. கதைப் புத்தகத்தைப் பள்ளியில் கண்டால் பிடுங்கிக்கொள்வார்கள். அதனால் அந்த வகுப்பில் எல்லா நாவலும் பிரவுன் அட்டையும் லேபிளும் போட்டுக்கொண்டு பாடப் புத்தகமாக வேஷம் கட்டுகின்றன.

ஏகநாதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கீதாவைவிடச் சத்தமாகச் சிரித்தார். கை கழுவிவிட்டு ஃபிரிட்ஜ் மேலிருந்த போனையும் எடுத்துக்கொண்டார்.

சாமுண்டீஸ்வரி மட்டும் சிரிப்பை நிறுத்தியிருந்தாள். கழற்றிய அட்டையை அவர் முன்னால் வைத்து லேபிளைக் காட்டினாள்.

"இதாம்பா என் கையெழுத்து. உள்ள இருக்கறது அச்சு. ரெண்டையும் பாத்துட்டு, ரெண்டும் நான் எழுதுனதுன்னு நெனச்சியே."

அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். லேபிளில் எழுத்துகள் குண்டு குண்டாக, இடப்பக்கம் சாய்ந்து கிடந்தன. உள்ளே இருந்ததற்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அவள் எழுத்து என்று அவர் கடைசியாகக் கவனித்துப் பார்த்தது, விஜயதசமியன்று தாம்பாளத்து அரிசியில் விரலைப் பிடித்து எழுதவைத்த 'அ'னாவைத்தான். இதற்கு, டாக்டரிடம் வகுப்பு தெரியாமல் விழித்த அந்தக் கதை அப்பாவே எவ்வளவோ தேவலை என்று தோன்றியது.

போன் அடித்தது. படப்பை பார்ட்டிதான். அதை அப்படியே மறுபடி ஃபிரிட்ஜ் மேல் வைத்தார்.

"நாளைக்கு டியூஷனாண்ட வரட்டா?"

அவள் நாவலுக்கு மறுபடி பிரவுன் அட்டையை மாட்டினாள்.

"வாப்பா. ஆனா கேள்வி மேல கேள்வி போடாத. நானே சொல்றேன்."