அப்பாடா

...அது எப்படி, அந்த ஒரு வார்த்தை அங்கே எப்படிப் போனது, இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்த வார்த்தை, ஒருத்தி தான், இன்னொருத்தி தங்கை, அது இப்போது பாலிஷ்காரியின் வாயிலிருந்து, சாப்பாட்டு நேரத்தில், எல்லோர் நடுவிலும்... அவள் கையிலிருந்த ஸ்பூனை டப்பாவுக்குள் மெதுவாக வைத்தாள். செயற்கைப் பல் செய்கிற அந்தக் கூடத்தில் பாலிஷ்காரிதான் ரேடியோ, நாள் முழுக்கப் பல்லுக்கு மெருகு போடுகிற மெஷினோடு கிடந்து காது மந்தமாகி எதையும் கத்தித்தான் சொல்வாள், இன்று போனை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு எல்லோரும் படிக்கிற தொடர்கதையின் முப்பத்தோராவது அத்தியாயத்தைக் கத்தி வாசித்தாள். "அம்மாவின் மூச்சு நின்றது. அக்காவின் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. அப்பாடா, இனிமேல் தூங்கலாம் என்று அவள் சொன்னது என் காதில் மட்டும் விழுந்தது." வாசித்துவிட்டு நிமிர்ந்து, "கேட்டியாக்கா, பெத்தவ செத்துக் கிடக்கா, இவளுக்குத் தூக்கம் கேக்குது. நல்லாவே இருக்க மாட்டா" என்றாள். அச்சு ஊற்றுகிற பெண் பிளாஸ்டர் காய்ந்த விரல்களை நீட்டி, "அவளை இன்னும் உயிரோட விட்டு வச்சிருக்காங்க பாரு, அதுக்கே நான் ஒரு ஸ்டார் குறைச்சேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் "ம்" என்றாள். வேறென்ன சொல்வது, அந்த அக்கா நான்தான் என்றா?

இந்தக் கதை ஆப்பைப் பாலிஷ்காரியின் போனில் இறக்கிக் கொடுத்ததே அவள்தான், அதை நினைத்தால்தான்... தங்கை முதல் சிறுகதையைப் போட்டபோது அதற்கு இருந்த ஒரே வாசகி அவள், ஐந்து ஸ்டார், 'மிக அருமை, தொடர்ந்து எழுதவும்', எழுத்துப்பிழையோடு. கூடத்தில் ஒவ்வொருத்தியின் போனையும் வாங்கி, இந்த ரைட்டரைப் படிங்க, நல்லா எழுதுவாங்க என்று சேர்த்துவிட்டாள். என் தங்கச்சிதான் என்று சொல்ல நாக்கு துடிக்கும், ஆனால் சின்னவள் கறாராகச் சொல்லியிருந்தாள், புனைபெயர் வச்சது எதுக்குக்கா, யார்கிட்டயும் மூச்சு விடாதே. சரி என்றாள். இந்தத் தொடர் தொடங்கியபோது, இதை மட்டும் முடிஞ்சதும் மொத்தமா படி, பாதியில படிச்சா ருசி இருக்காது என்றாள். அதற்கும் சரி. எதற்குத்தான் சரி சொல்லவில்லை...

மெழுகில் பற்களைப் பதிப்பது அவள் வேலை, ஸ்பிரிட் விளக்கில் கத்தியைச் சூடாக்கி, ஈறு போல் வளைந்த மெழுகின் மேல் ஒவ்வொரு பல்லாக உட்கார வைக்க வேண்டும், கொஞ்சம் சாய்ந்தாலும் போட்டுக்கொள்கிறவர் வாயைத் திறக்கவே கூசுவார். இன்று கீழ்வரிசை நாலு பல் பதித்துவிட்டு, மேசை இழுப்பறையைப் பாதி திறந்து வைத்து, அதற்குள் போனைச் சாய்த்துப் படித்தாள், முப்பது, இருபத்தொன்பது, இருபத்தெட்டு என்று பின்னாலிருந்து. தண்ணீர்ப் படுக்கை வந்தது. முதுகுப் புண்ணுக்குப் பவுடர் போடுவது வந்தது. அம்மா கஞ்சியைத் துப்பிவிட்டுத் திருட்டுச் சிரிப்பு சிரிப்பது, மாத்திரையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வது, ஆளை மாற்றி அடுத்தவள் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, எல்லாம் வந்தது, ஒன்று விடாமல். ஆனால் செய்கிறவள் 'நான்', கதையைச் சொல்கிற தங்கை, பாங்கில் ஆபீசர், லீவு போட்டுவிட்டுத் தாயைத் தாங்குகிறவள். அக்கா பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறாள்... பதினாலு மாதம். ரெண்டு மணி நேரத்துக்கொரு தடவை அம்மாவை இவள் புரட்டிப் போட்ட பதினாலு மாதம். வேற ஊரில் வேலை பார்த்த சின்னவள் வந்தது மூன்று தடவை, அதுவும் பையைப் பிரிக்காமல். தினமும் போன் மட்டும் செய்வாள், அப்புறம், அப்புறம் என்ன பண்ணேக்கா என்று ஆசையாகக் கேட்பாள், பாவம் தவிக்கிறாள் என்று இவளும் விடாமல் சொல்வாள். அந்த அப்புறம்... அது தவிப்புதானா? இப்போது இவர்கள் எல்லோரும் கமெண்டில் கேட்கிறார்களே, அப்புறம் என்ன ஆச்சு சிஸ், அடுத்த எபிசோட் எப்போ சிஸ், அதே அப்புறம்தானோ அது. அம்மாவுக்குத் தன் கையாலேயே ஒரு செட் பல் செய்து, கடைசி நாள் அதை மாட்டி முகத்தைச் சரி செய்தாளே, அது மட்டும் கதையில் இல்லை. பாங்க் ஆபீசருக்குப் பல் கட்டத் தெரியாது, அதனால் தப்பித்தது.

அப்பாடா என்பதை அவள் சொல்லவே இல்லை. மனதில் வந்தது, அவ்வளவுதான், கண்ணிமைக்கிற நேரம், வந்ததும் உடம்பெல்லாம் கூசிவிட்டது. அம்மா போய் ஒரு மாதம் கழித்து, ஒரு மத்தியானம் இருவரும் அம்மாவின் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தபோது, அடக்க முடியாமல் அதைத் தங்கையிடம் கொட்டிவிட்டாள். சின்னவள் புடவையைக் கீழே போட்டுவிட்டுக் கட்டிக்கொண்டாள். யாரா இருந்தாலும் அப்படித்தான்கா தோணும், நீ செஞ்சதுக்கு, என்றாள், இதை இத்தோட மறந்துடு என்றாள். மறந்துதான் போயிருந்தாள், கிட்டத்தட்ட. கட்டிக்கொண்ட அந்தக் கை, முதுகைத் தடவிக்கொடுத்த அந்தக் கை, அப்போதே எழுதிவைத்துக்கொண்டதா? இல்லை அப்போது நிஜமாகத்தான் அழுதாளா? ரெண்டும் ஒருத்தியால் முடியுமா...

அத்தியாயத்துக்குக் கீழே அறுநூற்றுச் சொச்சம் கமெண்ட். 'இவ எல்லாம் பொண்ணா', 'அக்காவுக்கு ஆக்சிடென்ட் வைங்க ரைட்டர்', 'அழுதுட்டேன் சிஸ், உங்க கைக்கு முத்தம்'. ஒவ்வொன்றுக்கும் தங்கை பொறுமையாகப் பதில் போட்டிருந்தாள், சிவப்பு இதயம் வைத்து, நன்றி சகி, அன்பு சகி. ஒருத்தி, 'நிஜத்துல இப்படி ஒருத்தி இருப்பாளா' என்று கேட்டிருந்தாள். அதற்குப் பதில், 'இருக்காங்க சகி, கற்பனை இல்லை, கண்ணால பார்த்தது.' இதைப் படித்தபோது கத்தி கைதவறி மெழுகில் ஆழமாக இறங்கி, முன்பல் ஒன்று பிறழ்ந்துவிட்டது.

மூன்றரைக்குத் தங்கையே கூப்பிட்டாள், வழக்கம்போல. "டீ குடிச்சியாக்கா?"

"குடிக்கப் போறேன். கதை எப்படிப் போகுது?"

"பிச்சுக்கிட்டுப் போகுதுக்கா. நேத்து எபிக்கு மட்டும்..."

"நான் படிச்சேன் பாப்பா."

பாலிஷ் மெஷின் நின்று மறுபடி ஓடியது. பிறகு சின்னவள் கேட்டாள், "எது வரைக்கும்?"

எது வரைக்கும். ஏன் படிச்சே இல்லை, மன்னிச்சுடு இல்லை, எது வரைக்கும். அப்புறம் படபடவென்று வந்தது, அது நீ இல்லக்கா, படிக்கிறவங்களுக்குத் திட்ட ஒரு ஆள் வேணும், இல்லன்னா ரெண்டு எபியில ஓடிடுவாங்க, உனக்கே தெரியும், கடைசியில அக்காவைத் திருந்த வச்சிடுவேன்... திருந்த வைப்பாளாம். என் பதினாலு மாதத்தை எதற்கு எடுத்தாய் என்று கேட்க வாய் வரை வந்தது. "டீ ஆறுது" என்று வைத்துவிட்டாள்.

பிறழ்ந்த பல்லைப் பிடுங்கி, மெழுகை உருக்கி, மறுபடி பதித்தாள். தங்கை எதையாவது அழித்திருப்பாளோ என்று திரும்பவும் இழுப்பறைக்குள் பார்த்தாள். எதுவும் அழியவில்லை. விரலால் தள்ளிக்கொண்டே போனபோது, வசவுகளுக்கு நடுவே ஒன்று, படமும் இல்லாத ஒரு கணக்கிலிருந்து: 'என் மாமியார் போனப்போ எனக்கும் இப்படித்தான் தோணுச்சு. எட்டு வருஷம் பார்த்தேன். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை.' நேற்றே போட்டது. ஒரு லைக் இல்லை. எல்லோருக்கும் இதயம் வைத்த தங்கை இதற்கு மட்டும் பதில் எழுதவில்லை, தாண்டிப் போயிருந்தாள். பார்க்கவில்லையா? பார்த்துவிட்டுத்தானா? அவள் அதை மூன்று தடவை படித்தாள், யாரோ, எங்கேயோ, எட்டு வருஷம்... தங்கை அதை எழுதாமலிருந்தால் இந்த மருமகளும் வாயைத் திறந்திருக்க மாட்டாளே என்று ஒரு நினைப்பு வந்தது, அது பிடிக்கவில்லை, தள்ளினாள், போகவில்லை.

கீழே இருந்த கட்டத்தில், 'எனக்கும்தான்' என்று எழுதினாள். மேலே அவளுடைய சொந்தப் பெயர் நின்றது, முதல் கதைக்கு ஐந்து ஸ்டார் போட்ட அதே பெயர், தங்கையின் போனில் இந்தக் கணமே மணி அடிக்கும், அறுநூறு பேரும் பார்ப்பார்கள், நாளை சாப்பாட்டு நேரத்தில் பாலிஷ்காரி கத்தி வாசிப்பாள். அனுப்பினாள். அடுத்த பல்லை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோதுதான் தோன்றியது, அந்த ஒரு சொல்லை அந்த மருமகளுக்காகத்தான் எழுதினோமா, இல்லை பாப்பா பார்க்கட்டும் என்றா... எவ்வளவு யோசித்தும் அது மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை.