மெல்லக் கதையுங்கோ

சவப்பெட்டியடியில் போட்ட கதிரையில் நிரஞ்சனியை இருத்தினால் இருந்தால்தானே. எழும்புவாள், வாசல்வரை போவாள், கோட்டுப் பையைத் தடவிப் பார்ப்பாள், திரும்பி வருவாள். மகன் டனிஸ்ரனுக்குப் பொறுமை போய்விட்டது.

“அம்மா, ஒரு இடத்தில இருங்கோவன். அஞ்சு மணிக்குப் பெட்டியை மூடப்போறாங்கள்.”

இருக்கத்தான் அவளுக்கும் ஆசை. ஆனால் இத்தனை வருசமாகப் புருசன் வலன்ரைன் வீட்டுக்குள்ளே வந்தால் அவள் வெளியே இறங்கவேண்டும். கால்கள் அப்படியே பழகிப்போயின. மொன்றியல் சனத்துக்கு விடியச் சாப்பிடப் பாண் வேண்டுமென்றால் யாரோ இரவில் முழித்திருக்கத்தானே வேண்டும். சென்ட் லோரன்ட் பாண் தொழிற்சாலையில் அவனுக்கு இரவு வேலை, தையல் தொழிற்சாலையில் அவளுக்குப் பகல் வேலை. பிள்ளையைப் பார்க்க ஓராள் நிற்கவேண்டுமே என்று தொடங்கியது, பிள்ளை மீசை வைத்த பிறகும் விட்டபாடில்லை. அவர்கள் கதைத்ததெல்லாம் வாசலில்தான், அவன் சப்பாத்தைக் கழற்ற, அவள் சப்பாத்தைப் போட. “கறி அடுப்பில கிடக்கு.” “வெளியில வழுக்குது, பாத்துப் போம்.” ஊரை விட்டு வந்த சனத்தில் பாதிப் பேருக்கு அதுதான் குடும்பம்.

பின்னேரம் அவள் வந்ததும் அவன் படுக்கப் போய்விடுவான். பிறகு வீட்டில் மூச்சு விடக்கூடாது. ரீவி சத்தமில்லாமல் ஓடும். “மெல்ல, அப்பா படுக்கிறார்.” டனிஸ்ரன் முதலில் பழகிய வசனமே அதுதான், வாயில் விரலோடு.

வாற கோடையில் அவனுக்குப் பென்சன். பேந்து ஆறுதலாகக் கதைப்பம் என்று எத்தனையைத் தள்ளி வைத்திருந்தாள்! முந்தாநாள் வேலையிடத்திலேயே நெஞ்சுவலி, அதோடு சரி. அவளுக்கு இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. பெட்டியை மூடிவிட்டால் இனி வராது, எல்லாம் நெஞ்சுக்குள்ளேயே கிடந்து புழுங்கும் என்று பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து வலன்ரைனின் அக்கா பிலோமினம்மா ரொறன்ரோவிலிருந்து வந்து இறங்கினாள். வாசலிலேயே தலையில் அடித்து, “என்ர ராசா!” என்று பெருங்குரல் எடுத்தாள்.

நிரஞ்சனி பாய்ந்து போய் அவள் கையைப் பிடித்தாள். “மச்சாள், மெல்ல, மெல்ல. அவர் படுக்கிறார்.”

செபமாலை சொல்லிக்கொண்டிருந்த சனம் பாதியில் நின்றது.

பிலோமினம்மா அழுகையை விட்டுவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “உனக்கென்ன விசரே? அவன் இனி எழும்பி வேலைக்குப் போகப்போறானே?”

போகமாட்டான்தான். இனி எந்த வேலைக்கும் அவன் போகமாட்டான். நிரஞ்சனி கதிரைக்குத் திரும்பினாள்.

அஞ்சு மணிக்குக் கறுப்புக் கோட்டுக்காரன் வந்து, “மதாம்” என்று பணிவாகச் சொல்லி மூடியில் கை வைத்தான்.

அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

“இஞ்சேருங்கோ!”

அப்படியொரு குரல் தன்னிடம் இருந்தது அவளுக்கே தெரியாது. “இஞ்சேருங்கோ, எழும்புங்கோ! கொஞ்சம் கதைப்பம், எழும்புங்கோ!”

பக்கத்தில் நின்ற டனிஸ்ரனின் விரல் தன்பாட்டில் உதட்டுக்குப் போனது. போன பிறகுதான் அவன் அதைக் கண்டான். எடுக்கத் தெரியாமல், அந்த விரலைக் கடித்துக்கொண்டு நின்றான்.