போர்வை காயுமுன்

உடுப்புத் தோய்க்கும் மெசின் நின்றதும் கொன்ஸ்ரன்ஸ் மூடியைத் திறந்து போர்வையை வெளியே இழுத்தாள். ஒரு முழ நீளத்துக்குத் தையல் விட்டிருந்தது. பிளந்த வாயிலிருந்து நனைந்த தாள்துண்டு ஒன்று வழுக்கி விழுந்து சீமெந்துத் தரையில் ஒட்டிக்கொண்டது. ஆறு மூலைத் துண்டு. அதில் புலியின் பாதி முகம் இருந்தது.

அவளுக்கு அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது.

கொன்வென்ரில் சிஸ்டர்மார் பழக்கிய தையல் அது. துணித்துண்டை ஆறு மூலைத் தாளில் மடித்துத் தைத்தால் மூலை கூராக நிற்கும். எல்லாத் துண்டையும் பொருத்திய பிறகு தாள்களை உருவிவிட வேண்டும். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் தாளுக்கு எங்கே போவது? வாசலில் தாராளமாக வந்து விழுந்தது புலிகள் இயக்கத்தின் துண்டுப்பிரசுரம் மட்டும்தான். முந்நூறு துண்டு வெட்டினாள். உருவுவதற்குள் ஊரே இடம்பெயர்ந்தது. மூட்டை கட்டப் பெரிய துணி தேவைப்பட, தாள்களை உள்ளே விட்டபடியே அடித்துணியை வைத்துத் தைத்துவிட்டாள். தாண்டிக்குளம் சோதனைச்சாவடியில் ஆமிக்காரர் மூட்டைக்குள் இருந்ததைக் கிண்டினார்களே தவிர, மூட்டையைப் பார்க்கவில்லை. கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்த பிறகும் புரண்டு படுத்தால் போர்வை சரசரக்கும். காது பழகியதில் மனம் மறந்துபோயிற்று.

மெசினில் போடச் சொன்னவர் வீட்டுச் சொந்தக்காரர் யோகநாதன். நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்து நான்கு வருடம். ஓய்வு பெற்ற ஏழு வருடத்தில் திணைக்களம் அவரை மறந்துவிட்டது. அவர் திணைக்களத்துக்கு அந்தச் சலுகையைத் தரவில்லை. ஹோலில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் பெரிய வரைபடம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. கீழ் மூலையில் அவருடைய கையெழுத்து. வருகிறவர்கள் செருப்பைக் கழற்ற முன்னரே அதைப் பார்த்துவிட வேண்டும். பார்க்காதவர்களுக்கு அவரே காட்டுவார். இப்போது மகன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய மெசினும் அந்தக் காட்சிச்சாலையில் சேர்ந்திருந்தது.

"கையாலை கசக்கிற காலம் போச்சு, பிள்ளை. போடும், போட்டுப் பாரும்!"

அவள் போட்டாள். வாடகைக்கு இருப்பவள் வேறென்ன செய்வாள்.

அவர் மனைவி நாகேஸ்வரி அன்ரி குசினி வாசலில் வந்து நின்றாள்.

"பிள்ளை, ஆமிக்காரர் ஒழுங்கையைச் சுத்தி வளைச்சிட்டாங்கள். கடற்கரைப் பக்கத்தாலை வீடு வீடா வாறாங்கள். ஐசி அட்டையை, பொலிஸ் பதிவை எடுத்து..." தரையைப் பார்த்தாள். "ஐயோ. உது என்ன?"

"உள்ளுக்கை இன்னும் கிட்டத்தட்ட முந்நூறு கிடக்கு, அன்ரி."

நாகேஸ்வரி குனிந்தாள். புலியைச் சுரண்டி எடுத்துக் கக்கூசுக்குள் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். பாதி முகம் இரண்டு முறை மேலே வந்து பார்த்துவிட்டு மூன்றாம் முறைதான் போனது.

ஈரப் போர்வை எரியாது. மதிலுக்கு அப்பால் எறியலாமென்றால் அங்கேயும் சப்பாத்துச் சத்தம். இருந்த வழி ஒன்றுதான். கொன்ஸ்ரன்ஸ் நூலை இரட்டையாகக் கோத்து, போர்வையை மடியில் போட்டுக்கொண்டு வாங்கில் உட்கார்ந்தாள். நனைந்த துணியில் ஊசி போக மறுத்தது. குத்தி, பல்லால் கடித்து இழுத்தாள்.

ஹோலில் யோகநாதன் சாரத்தைக் கழற்றி நீளக் காற்சட்டை மாட்டி, கழுத்தில் ரையும் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஒருத்தரும் வாய் திறக்கப்படாது. நான் கதைக்கிறன். இங்கிலீசிலை ரெண்டு வசனம் விட்டால் சலூட் அடிச்சிட்டுப் போவாங்கள்."

பக்கத்து வீட்டு ஷரீப் நானாவின் கேற் கிரீச்சிட்டது. இன்னும் ஒரு சாண் தைக்கக் கிடந்தது. நானாவின் குரல், அலுமாரி இழுபடும் சத்தம், மறுபடி கேற். தையலில் நாலு விரல் மிச்சம்.

இந்த வீட்டுக் கேற் திறந்தது. மூன்று தையல் இருக்கும்போது ஆமிக்காரன் ஒருவன் குசினிக்குள் வந்தான். அரிசி வாளிக்குள் கையை விட்டுத் துழாவினான். பிறகு அவள் மடியைப் பார்த்து, இது என்னவென்று சிங்களத்தில் கேட்டான்.

"மேக்க மொக்கத?"

"போர்வை... ஹேதுவா." கழுவினதென்று சொல்லிவிட்டு, கிழிசலைத் தொட்டுக் காட்டினாள்.

அவன் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு, தலையணைகளை அமத்திப் பார்ப்பது போலப் போர்வையை இரண்டு கையாலும் அமத்தினான். இத்தனை மாதமாக அவள் புரளும்போதெல்லாம் சரசரத்த போர்வை, நனைந்த தாள்கள் துணியோடு பசையாய் ஒட்டிக் கிடந்ததில், வாயே திறக்கவில்லை. தண்ணீர் மட்டும் அவன் சப்பாத்தில் ஒழுகியது. சலித்துக்கொண்டு அவள் மடியிலேயே போட்டுவிட்டுப் போனான்.

ஹோலில் இளம் ஒஃபிசர் ஒருவன் வரைபடத்தின் முன்னால் அசையாமல் நின்றான். ஒழுங்கைகள், கிணறுகள், பலாலி விமானத்தளத்தின் ஓடுபாதை.

"ஹூ டிட் திஸ்?"

யோகநாதன் ஏழு வருடமாகக் காத்திருந்த கேள்வி அது.

"மீ, சேர்!" என்றார். "எவ்ரி இஞ்ச்! சீ மை சிக்னேச்சர்!"

இரண்டு பேர் வரைபடத்தைக் கண்ணாடிச் சட்டத்தோடு இறக்கி, வாசலில் நின்ற ஆமி ரக்கில் ஏற்றினார்கள். அதற்குப் பின்னால் அவரையும் ஏற்றினார்கள். வரைபடத்தைத்தான் பத்திரமாகப் பிடித்தார்கள்.

நாகேஸ்வரி ஷரீப் நானாவைப் பொலிசுக்கு அனுப்பினாள். அவருக்குச் சிங்களம் ஓடும். ரை கட்டத் தெரியாது. அனுப்பிவிட்டு வந்து, கொன்ஸ்ரன்ஸ் தைத்த தையலை அவளே வெட்டினாள்.

"ரக் திரும்பி வரும், பிள்ளை. அதுக்கிடையிலை இது காயப்படாது. காய்ஞ்சால் கத்தும்."

பின்னேரம் நாலு மணிக்கு ஷரீப் நானா கேற்றடியில் கொண்டுவந்து விட, யோகநாதன் உள்ளே வந்தார். ரை இல்லை, வரைபடம் இல்லை. சப்பாத்தில் ஒன்றில் நாடா இல்லை. குசினித் தரையில் பிரித்துப் போட்ட போர்வையையும், வாளிக்குள் கூழாய்க் கிடந்த தாள்களையும் பார்த்தார். எழுத்துகளை வாசித்தார். அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"எத்தினை மிச்சம்?"

"அறுபது, அங்கிள்."

ஒரு துண்டை எடுத்தார். "இதுக்கு நம்பர் போட்டு வரிசையா எடுக்கவேணும். திணைக்களத்திலை நாங்கள்..."

"இஞ்சாருங்கோ," என்றாள் நாகேஸ்வரி. "வாயை மூடிக்கொண்டு பிரியுங்கோ."

அவர் பிரித்தார். ஒழுங்கை முனையில் ஏதோ வாகனம் வேகம் குறைத்துத் திரும்பியது. மூன்று பேரும் கையை நிறுத்திக் கேட்டார்கள். பிறகு கொன்ஸ்ரன்ஸ், காயத் தொடங்கியிருந்த மூலையை மறுபடி தண்ணீருக்குள் அமத்தினாள்.