நேராக நட்ட கம்புகள்

எங்கள் ஊரில் ஒருவனிடம் "உனக்கு எத்தனை மான்?" என்று கேட்பது அவன் சட்டைப்பைக்குள் கையை விடுவது மாதிரி. யாரும் கேட்கமாட்டோம். என் தம்பி ஹெய்காவிடம் எத்தனை பனிமான் என்று கூடப்பிறந்த எனக்கே தெரியாது. எங்கள் வடகோடிப் பனிச்சீமையின் இனாரி ஏரியைப் பார்க்க வருகிற ஜனங்கள் மட்டும் பெட்டியை இறக்கி வைப்பதற்குள் அதைத்தான் கேட்பார்கள்.

ஏரிக்கரை விடுதியில் நான் சமையல். என் புருஷன் ஓவ்லா அங்கே வழிகாட்டி. வந்தவர்கள் ஆங்கிலத்தில் உளறுவதை எங்களிடம் மரியாதையாகச் சொல்வதும், எங்களவர்கள் திட்டுவதை அவர்களிடம் பாராட்டாக மாற்றிச் சொல்வதும்தான் அவர் உத்தியோகம். அந்த வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஹெய்கா விடுதிப் பக்கமே தலை வைத்துப் படுக்காதவன். போன குளிர்காலத்தில் பனிக்கு மேல் மழை கொட்டி, அது அப்படியே பாளமாக உறைந்துபோனது. அடியிலிருந்த பாசியைத் தோண்டித் தின்ன முடியாமல் அவன் மந்தை காட்டிலேயே செத்தது. வீட்டருகே கட்டித் தீனி போட்டு வளர்த்த, சறுக்குவண்டி இழுக்கிற மான்கள்தான் மிச்சம். அவையும் போனால் அவன் மான்காரனே இல்லை. அவற்றுக்குத் தீனி வாங்கத்தான் விருந்தாளிகளுக்கு வண்டி ஓட்ட ஒப்புக்கொண்டான் பாவி.

"மச்சான்கிட்ட சொல்லிடு அக்கா. விடுதியில குடுக்குற அந்தக் கோமாளித் தொப்பியெல்லாம் போடமாட்டேன். எத்தனை மான்னு எவனாவது கேட்டான், அப்படியே திரும்பிடுவேன்."

"நீ முதல்ல வந்து சேருடா. உன் வீராப்பை அப்புறம் பாப்போம்" என்றேன்.

அவன் வீடு ஏரிக்கு அக்கரையில். உறைந்த ஏரிமேல்தான் வழி. வழி நெடுகப் பிர்ச் மரக் கம்புகளை நட்டு வைத்திருப்போம். ஆறு ஏரிக்குள் வந்து விழும் இடத்தில் அடியில் நீரோட்டம் உண்டு, அங்கே பனிக்கட்டி மெலிசு. அதனால் கம்புகள் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு பெரிய வளைவாகப் போகும். வருஷா வருஷம் அவற்றை நடுவது ஓவ்லாதான். பனிப்புயலில் கண்ணே தெரியாவிட்டாலும் கம்பைப் பிடித்துக்கொண்டு வீடு சேருவோம். கம்பைச் சந்தேகப்படுகிறவன் எங்கள் ஊரில் கிடையாது.

ஹெய்கா வருவதற்கு முந்தின நாள் விருந்தாளிகளுக்கு ஒரு குறை வந்துவிட்டது. கம்புகள் நின்றால் படத்தில் ஏரி கன்னி கழியாத ஏரியாகத் தெரியவில்லையாம். முதலாளி லெஹ்தோ தெற்கத்திக்காரர், "பிடுங்கிட்டு அப்புறம் நட்டுக்கோயேன்" என்று சொல்லிவிட்டார். என் புருஷனும் பிடுங்கினார். படம் எடுத்து முடித்ததும் விருந்தாளிகளே நடுகிறோம் என்று கும்மாளமாகக் கிளம்பினார்கள். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று நூல் பிடித்த மாதிரி ஒரே நேர்கோட்டில் நட்டார்கள், ஆற்றுவாய்க்குக் குறுக்காக. ஓவ்லா கரையில் நெருப்புப் பக்கம் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டு கைதட்டினார். நாளைக்குச் சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டவர், மறுநாள் அதை மறந்தே போனாராம். இதெல்லாம் பிறகு ஒருத்தி தன் போனில் காட்டித்தான் எனக்குத் தெரியும். ராத்திரி விழுந்த புதுப்பனி பழைய தடத்தையும் மூடிவிட்டது.

மறுநாள் நல்ல வெயில். சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன், ஹெய்கா முன்னால் நடந்து வருகிறான். பின்னால் ஒன்றோடு ஒன்று கயிற்றில் கட்டிய மான்கள், கடைசியில் வண்டிகள். எத்தனை மான் என்று இப்போதும் நான் சொல்லமாட்டேன். முன்மான் கறுப்பு நிறம், முஸெத் என்று பேர். ஆற்றுவாய்க்கு வந்ததும் முஸெத் நின்றுவிட்டது. ஹெய்கா இழுத்தான். அது காலை ஊன்றிக்கொண்டது.

கரையில் கூட்டம் போனைத் தூக்கிக்கொண்டு சிரித்தது. ஓவ்லாவும் சேர்ந்து சிரித்தார்.

"என்னடா, உன்னை மாதிரியே முரண்டு பிடிக்குது? நாலு போடு!"

"மச்சான்! கம்பு நீங்க நட்டதுதானே?"

"பின்ன, உங்க பாட்டன் வந்தா நட்டாரு? வாடா, இவங்க குளிர்ல நிக்கிறாங்க!"

மான் நின்றால் நாமும் நிற்கவேண்டும் என்று ஹெய்காவுக்குத் தெரியாதா? ஆனால் மச்சான் நட்ட கம்பு ஆயிற்றே. பிறந்ததிலிருந்து கையோங்காத முஸெத்தை அன்று கயிற்றால் அடித்தான். அது அவனைப் பார்த்தது. பிறகு நடந்தது.

பனிக்கட்டி உடைந்த சத்தம் சமையலறை வரை கேட்டது. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். முஸெத் விழுந்தது, அது அடுத்ததை இழுத்தது, அது அதற்கடுத்ததை. கயிறு நன்றாகக் கட்டிய கயிறு, ஒன்றையும் விடவில்லை. கடைசியில் வண்டிகளும் சரிந்து மேலே விழுந்தன. ஹெய்கா இடுப்புவரை தண்ணீரில் கிடந்து முஸெத்தின் கொம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஓவ்லா பலகையைத் தள்ளிக்கொண்டு போய், "விடுடா, விட்டுட்டு ஏறு!" என்று கத்தினார். அதன் மூச்சு நிற்கும்வரை அவன் விடவில்லை. மூச்சு நின்றபின் கத்தியை எடுத்து அதன் இரண்டு காதையும் அறுத்துக்கொண்டு கொம்பை விட்டான். நீரோட்டம் எல்லாவற்றையும் பனிக்கட்டிக்கு அடியில் கொண்டுபோய்விட்டது.

மான் யாருடையது என்று காதில் வெட்டிய அடையாளம்தான் சொல்லும். அது எங்கள் அப்பா வெட்டிய வெட்டு.

அவனைக் கம்பளியில் சுற்றிச் சாப்பாட்டுக்கூடத்து அடுப்பருகே உட்காரவைத்தேன். பல் கிடுகிடுவென்று அடித்தது. காதுகளை மேசைமேல் வைத்தான்.

"யாரு நட்டது மச்சான்?"

ஓவ்லா அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளினார்.

"யோவ், வாயைத் திறய்யா! வாயை வெச்சுத்தானே பொழைக்கிற?" என்றேன். எனக்கு அந்த ஆளைக் கொன்றுபோடலாம் போலிருந்தது.

அப்போது பார்த்து அடுத்த பேருந்து வந்து நின்றது. புது ஆட்கள், ஒன்றும் அறியாதவர்கள். ஒரு அம்மாள் கையுறையைக் கழற்றியபடி நேரே ஹெய்காவிடம் வந்து, அன்பாகச் சிரித்து, ஏதோ கேட்டாள்.

"என்ன சொல்றாங்க?" என்றான் ஹெய்கா.

ஓவ்லாவின் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு தானாக வந்து உட்கார்ந்தது. "உன்னைப் பார்த்தா வருத்தமா இருக்காம்."

சமையல்காரிக்கும் அந்த அளவு ஆங்கிலம் தெரியும்.

"இல்லடா தம்பி. உனக்கு எத்தனை மான்னு கேக்குறா."

ஹெய்கா எழுந்து போகவில்லை, கோபப்படவும் இல்லை. மேசையிலிருந்த காதுகளை ஓவ்லாவின் பக்கம் தள்ளினான்.

"இதையாவது மாத்தாம சொல்லுங்க மச்சான். ரெண்டு காது இருக்குன்னு சொல்லுங்க."

அந்த அம்மாள் சிரித்தபடியே பதிலுக்குக் காத்திருந்தாள்.