வெள்ளிக்கிழமை வீடியோ

...வளைக்க வேண்டும், ஆனால் அளவாக வளைக்க வேண்டும், குழம்புக்கு உப்புப் போடுகிற மாதிரி, கூடிப்போனால் முதுகு போச்சு, குறைந்துபோனால் மகன் இர்பான் கண்ணில் படாது, படாவிட்டால் கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டிவிட்டு அவன் பாட்டுக்குத் தூங்கப் போய்விடுவான், தோகாவில் வெள்ளிக்கிழமை லீவாயிற்றே... சேக் தாவூது தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்தார். ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிட்டு வருகிற நேரத்துக்குப் பேராவூரணிக் கடைத்தெரு மாடியில் இருக்கிற இந்த ஜிம்மில் ஈ காக்கை இருக்காது, அறுபத்தொரு வயசு மனுஷன் ஐம்பது கிலோ கம்பிக்கு முன்னால் நின்றுகொண்டு எந்த இடத்தில் தப்புச் செய்யலாம் என்று கணக்குப் போடுவதைப் பார்க்க, ஜிம் நடத்துகிற இளவழகனை விட்டால் ஆளில்லை. சவூதியில், தம்மாமில் பத்தொன்பது வருஷம் மூட்டை தூக்கியபோது முனகாத முதுகு, கஜா புயலில் கொல்லையில் விழுந்த ஒரே ஒரு தென்னைத் துண்டை இழுக்கப்போய்ப் பிடித்துக்கொண்டதே, இதை எங்கே போய்ச் சொல்ல? மனைவி கமருன்னிஸா இருந்திருந்தால் தைலம் தேய்த்துக்கொண்டே திட்டித் தீர்த்திருப்பாள். புயலுக்கு முந்தின வருஷமே மவுத்தாகிவிட்டாள். திட்டக்கூட ஆளில்லாத வீட்டில் வலி வந்தால் அதையும் தனியாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வெயிட் தூக்கினால் முதுகு பலமாகும், வாராவாரம் வீடியோ அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்று இர்பான்தான் ஆரம்பித்து வைத்தான். முதல் ஐந்து வாரம் சேக் தாவூது செய்ததெல்லாம் நேர்மையான தப்பு. நெஞ்சை நிமிர்த்துங்கள், இடுப்பைப் பின்னால் தள்ளுங்கள், கம்பி காலை ஒட்டி வரட்டும் என்று மகன் இருபது நிமிஷம் பேசினான். இருபது நிமிஷம்! அவன் பிறந்ததிலிருந்து அப்பனும் மகனும் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதுண்டா? தோகாவிலிருந்து போன் எப்போதும் கமருன்னிஸாவிடம்தான் வரும், அவள் வழியாகத்தான் இவர் சுகம் அங்கே போகும், அவன் சுகம் இங்கே வரும், அவள் போனபிறகு அந்த வழி தூர்ந்துபோயிற்று, அப்புறம் இந்தக் கம்பி வந்தது... ஆறாவது வாரம் பாழாய்ப்போன முதுகு நேராகிவிட்டது. கட்டைவிரல் படம் வந்தது, அவ்வளவுதான், அன்றைக்கு அஸர் தொழுகைக்கும் மஃரிப் தொழுகைக்கும் நடுவில் போனை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தார் என்பது அவருக்கும் அல்லாவுக்கும்தான் தெரியும். மறு வாரம் கொஞ்சமாக வளைத்தார். ஐந்தே நிமிஷத்தில் போன் அடித்தது. மகனை ஏமாற்றுவது பாவமில்லையா? பாவம்தான், ஆனால் என்ன குரல் அது, அக்கறையும் அதட்டலுமாக...

இளவழகன் கண்டுபிடித்துவிட்டான். "என்ன பாய், மத்த நாளெல்லாம் அழகா தூக்குறீங்க, வீடியோன்னா மட்டும் கூன் போடுறீங்க?" என்றான். கேமராக் கூச்சம் என்று மழுப்பினார். அவன் சிரிக்கவில்லை. "இன்னைக்கி அம்பது கிலோ. இதுல வெளையாடினா மறுபடி படுக்கதான், சொல்லிட்டேன்." உண்மைதான், போன வெள்ளி வீடியோ எடுத்த கையோடு தொழப்போய், சுஜூதில் நெற்றியைத் தரையில் வைத்தவர் எழ முடியாமல் பக்கத்து ஆள் கைகொடுக்க வேண்டியதாயிற்று. படுத்துவிட்டால் ஒரு மடக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது யார், தோகாவிலிருந்தா வரும்? வளைக்காதே கிழவா... வளைக்காவிட்டால் கட்டைவிரல்... கொஞ்சம், நூலளவு... குனிந்தார், பிடித்தார், மூச்சை அடக்கினார், இப்போது வளை, இப்போது என்று உள்ளே கத்தினார், கம்பி காலை உரசிக்கொண்டு மேலே வந்துவிட்டது, இடுப்பு தானாகப் பூட்டிக்கொண்டது, முதுகு பலகையாக நின்றது. அதற்கு இனிமேல் பொய் சொல்ல வராது போலிருக்கிறது. இளவழகன் கைதட்டினான், இவருக்கு அழுகை வந்தது. இன்னொரு தடவை எடுக்கலாமா? வேண்டாம், இந்த முதுகு மறுபடியும் நேராகத்தான் நிற்கும். அனுப்பிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

இரண்டு நீலக் கோடு விழுந்தது. பார்த்துவிட்டான். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், கட்டைவிரலைக்கூடக் காணோமே, தூங்கிவிட்டானா... பதினேழாவது நிமிஷம் போன் அடித்தது. சலாம் சொன்னான், இவரும் சொன்னார். அங்கே ஏசி ஓடுகிற சத்தம் கேட்டது.

"நாலு தடவ பாத்துட்டேன் அத்தா. ஒரு தப்பும் இல்ல."

அரை நிமிஷ வீடியோவை எதற்கு நாலு தடவை பார்த்தான்? அந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறார், வெளியிலிருந்து கேட்டதில்லை, தன் தொண்டைக்குள்ளேயே கேட்டிருக்கிறார், தம்மாமில் டெலிபோன் பூத்துக்குள் நின்று, பின்னால் வரிசையில் ஆள் காத்திருக்க, பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்த இர்பானிடம் கணக்குப் பரீட்சையில் எவ்வளவு என்று கேட்டு, அவன் சொன்னபிறகும் வைக்க மனசில்லாமல் அதையே திரும்பவும் கேட்டாரே, அந்தக் குரல்... அப்படியென்றால் இவனும்...?

"நல்லாப் பாருப்பா," என்றார். "கால் கொஞ்சம் அகலமா இருந்துச்சோ என்னமோ."

"பாக்குறேன்," என்றான் இர்பான். "வச்சிடாதீங்க."